லிட்டருக்கு ஐந்து ரூபாய், கூடவே ஒரு கருப்பை

பெட்ரோலில் எத்தனால் கலந்தால் நாடு பிழைத்துவிடுமாம். அந்நியச் செலாவணி மிச்சமாம், புகை குறையுமாம், சோறு போட்ட விவசாயி இனி எரிபொருளும் போடுவானாம். 2014இல் நூற்றுக்கு ஒண்ணரைப் பங்காக இருந்த கலப்பு 2025இல் இருபதைத் தொட்டுவிட்டது. 2030 என்று வைத்த கெடுவுக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே சாதித்துவிட்டோம் என்று மார்தட்டுகிறார்கள். நம்ம ஊர் பங்கில் வண்டிக்கு ஊற்றுவதும் இந்தப் பெட்ரோல்தான்.

சரி, சாதித்தது யார்?

ஆலைக்காரன் பேர் சொல்றாங்க. பெரும் பண்ணைக்காரன் பேர் சொல்றாங்க. மந்திரி பேரைச் சொல்லவே வேண்டாம். கரும்பை வெட்டியது யார் என்று மட்டும் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. கரும்பு தானாக நடந்து ஆலைக்குள் போனதா?

மராட்டியத்தின் பீட் மாவட்டத்தைப் பாருங்கள். தீபாவளியை ஒட்டி ஊர் காலியாகிறது. தலித்துகள், பஞ்சாராக்கள், வஞ்சாரிகள் என்று நிலமற்றவர்களும் வானம் பார்த்த துண்டு நிலக்காரர்களும் லட்சக்கணக்கில் மேற்கு மராட்டியத்துக்கும் கர்நாடகத்துக்கும் கரும்பு வெட்டப் போகிறார்கள். 'முகாதம்' என்கிற மேஸ்திரி கொடுக்கும் முன்பணத்துக்கு ஐந்தாறு மாசம் தங்களையே அடகு வைக்கிறார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால் ஒரு 'கொய்த்தா'. கொய்த்தா என்றால் வெட்டுக்கத்தி. ரெண்டு மனுஷர், ஒரு கத்தி, ஒரே கூலி. மனுஷருக்குப் பேர் இல்லை, கத்திக்குத்தான் கணக்கு. அந்தப் பெண்ணின் கையில் தன் உழைப்புக்கென்று தனியாக ஒரு பைசா விழுவதில்லை.

ஒரு நாள் படுத்தால் அபராதம். மாதவிலக்கு என்று உட்கார்ந்தாலும் அபராதம். குளிக்கத் தண்ணி இல்லை, ஒதுங்க மறைப்பு இல்லை, படுக்க ஒரு தார்ப்பாய்க் குடிசை. வயிற்றுவலி என்று தனியார் டாக்டரிடம் போனால், "கர்ப்பப்பையை எடுத்துடும்மா, இல்லேன்னா கேன்சர் வரும்" என்று பயமுறுத்தி அறுத்து அனுப்புகிறார்கள். அதற்கும் கடன். கடனை அடைக்க மறுபடி கரும்புக்காடு. 2019இல் மராட்டிய அரசு அமைத்த குழு பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரை விசாரித்தது. அவர்களில் 13,861 பேருக்குக் கருப்பை இல்லை. நூற்றுக்குப் பதினாறு பேருக்கும் மேல்! இது நாம் போட்ட கணக்கில்லை, அரசாங்கமே போட்ட கணக்கு.

இன்னொரு கணக்கும் பார்ப்போம். 2024இல் கரும்புச் சாற்று எத்தனாலுக்கு அரசு வைத்த விலை லிட்டர் 65 ரூபாய் 61 காசு. ஒரு டன் கரும்பின் சாற்றில் சுமார் 70 லிட்டர் வடிக்கலாம். 4,500 ரூபாய்க்கு மேல் ஆச்சு. அந்த டன்னை வெட்டி, கட்டி, வண்டியில் ஏற்றும் கூலி? 2024 ஜனவரியில் போராடிப் பெற்ற 34 சதவீத உயர்வுக்குப் பிறகும் சுமார் 366 ரூபாய். லிட்டருக்கு ஐந்து ரூபாய்ச் சொச்சம், அதுவும் ரெண்டு பேருக்கு! எத்தனால் விலையை டெல்லி நிர்ணயிக்கிறது. ஆலை கரும்புக்குத் தரவேண்டிய விலையையும் டெல்லியே நிர்ணயிக்கிறது. வெட்டுக்கூலியை மட்டும் ஆலைச் சங்கத்தோடு நீயே மல்லுக்கட்டி வாங்கிக்கொள் என்று விட்டுவிடுகிறது. என்ன நியாயம் இது?

"இப்போ மக்காச்சோளத்திலிருந்துதானே எத்தனால் அதிகம் வருது, தோழர்? புகையும் குறையுதே?" என்று சில மாணவர்கள் கேட்கிறார்கள். சோளம் வந்ததால் கொய்த்தா ஒழிந்ததா? புகை குறையட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அதற்கான விலையைச் சேரிப் பெண்ணின் வயிற்றிலிருந்து எடுக்காதே என்றுதான் சொல்கிறோம்.

எத்தனால் பேசுகிறவர்கள் எல்லாம் பிரேசிலைக் காட்டுகிறார்கள். நாமும் காட்டுவோம். 1888 வரை கறுப்பின அடிமைகள் கரும்பு வெட்டிய நாடு அது. 1975இல் இராணுவ ஆட்சி அங்கே எத்தனால் திட்டம் தொடங்கியபோது வெட்டியவர்கள் தினக்கூலிகள். 1984 மே மாதம், சாவோ பாவ்லோ மாநிலத்தின் குவாரிபாவில், ஐந்து வரிசைக்குப் பதில் ஏழு வரிசையாக வெட்டு என்றன ஆலைகள். கூலிகள் கத்தியைக் கீழே போட்டார்கள். தெருவில் இறங்கினார்கள். போலீஸ் சுட்டது, ஓர் உயிர் போனது. ஆனாலும் ஆலைகள் ஐந்து வரிசைக்கே திரும்பின. அரசு கருணையில் கிடைத்ததல்ல அது, வெட்டுகிற கை நின்றதால் கிடைத்தது.

குடிக்கும் நீருக்காக 1927இல் பாபாசாகேப் மஹாட் குளத்தில் இறங்கிய மண் மராட்டியம். அங்கே இன்றைக்கும் கரும்புக்குத் தண்ணி உண்டு, அதை வெட்டுகிற பெண்ணுக்கு இல்லை. நாம் கேட்பது இதுதான்: கொய்த்தாக் கணக்கை ஒழி! பெண்ணைத் தனித் தொழிலாளியாகப் பதிவு செய், கூலியை அவள் கையில் கொடு! மேஸ்திரியைக் காட்டித் தப்பாதே, ஆலைதான் முதலாளி என்று எழுது! எத்தனால் விலையை அறிவிக்கிற அன்றைக்கே வெட்டுக்கூலியையும் அறிவி!

அதுவரை இதைப் பசுமை எரிபொருள் என்று எவன் சொன்னாலும், 13,861 என்ற எண்ணை அவன் முகத்துக்கு நேரே சொல்லுங்கள் தோழர்களே.