காற்றுக் கள்ளன்

பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளைக்கு வேஷ்டி கிடைக்கும், கரும்பு கிடைக்கும், வேண்டாம் வேண்டாம் என்று கையை மறைத்தாலும் இலையில் சர்க்கரைப் பொங்கல் விழும். எனக்கு இந்த வருஷம் இவற்றோடு ஒரு வழக்கும் கிடைத்தது. வாதி, என் மாமனார். பிரதிவாதி, இருபது வயதுப் பையன் ஒருவன். வழக்குக்குக் காரணம், ஒரு பழைய மரம் அறுக்கும் மிஷின்.

"மரம் அறுக்கிற மிஷினுக்கும் நமக்கும் என்ன ஸ்வாமி சம்பந்தம்?" என்று சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு தொடர்கதைக்குப் போய்விட வேண்டாம். பிரஷர் குக்கரின் ரப்பர் வளையம் தேய்ந்து, ஸ்டீம் பக்கவாட்டில் புஸ்ஸென்று வெளியேறுவதைக் கண்டு சலித்துக்கொண்டவர்களுக்கு இந்தக் கதை பாதி தெரிந்த கதைதான்.

மாமனாருக்குப் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் கரையேறிய 'கஜா' புயல் அந்த வட்டாரத்தில் என்ன செய்தது என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தஞ்சை, புதுக்கோட்டை, நாகை, திருவாரூர் ஜில்லாக்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்க, அவற்றை அறுத்து அப்புறப்படுத்த ஆளும் அகப்படவில்லை, மிஷினும் அகப்படவில்லை. அந்தச் சமயத்தில் யாரோ விற்ற பழைய மிஷினை மாமா வாங்கினார். தோப்பு வேலைக்கு வந்துகொண்டிருந்த பையன் அதைக் கையாளக் கற்றுக்கொண்டான். தென்னை மரத்தின் நார் இருக்கிறதே, அது சங்கிலியின் பல்லை வெகு சீக்கிரம் மழுங்க வைத்துவிடும். பையன் மாலையில் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாக அரம் போடுவானாம். அத்தை அவனுக்குக் காப்பி கொடுப்பாராம். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது, போன ஆடி மாதம் வரையில்.

ஆடியில் ஒரு நாள் மிஷின் தோப்பில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிறீச்சென்று கத்தி நின்றுவிட்டது. பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. அப்போது பார்த்த மெக்கானிக் ஒரே வார்த்தையில் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: "ஆயில் ஊத்தாம ஓட்டியிருக்காங்க, ஐயா."

இந்த எஞ்சினுக்கென்று தனியாக எண்ணெய் கிடையாது. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். மாமா வீட்டுக் கணக்கு, லிட்டருக்கு 20 மில்லி. அதைக் கலப்பது பையனின் வேலை. எண்ணெய் டப்பாவோ விலை உள்ள பொருள். மாமா இரண்டையும் இரண்டையும் கூட்டி ஐந்து என்று முடிவு செய்தார். பையன் எண்ணெயை வெளியே விற்றுவிட்டான்! "அளந்துதான் ஊத்தினேன் ஐயா" என்று அவன் அழுதிருக்கிறான். மாமா கேட்கவில்லை. மறு வாரம் பையன் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டான்.

புதுப் பிஸ்டன் போட்டாயிற்று. (என்ன விலை என்று நான் கேட்டதற்கு மாமா வானத்தைப் பார்த்தார்.) அதற்கப்புறம் அவரே அத்தையின் மருந்து அவுன்ஸ் கிளாஸில் எண்ணெயை அளந்து, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துக் கலந்து வந்தார். அந்தப் பழைய பிஸ்டன், பால் கணக்கு நோட்டுப் பறக்காமல் இருக்க அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

காணும் பொங்கலன்று காலை, விழுந்து கிடந்த முருங்கை மரம் ஒன்றை எனக்காக அறுத்துக் காட்டுகிறேன் என்று மாமா மிஷினைக் கிளப்பினார். ஐந்து நிமிஷம் நன்றாக ஓடிற்று. சூடேறியதும் அதன் சுபாவம் மாறியது. விசையை விட்டால் உடனே அடங்க வேண்டிய எஞ்சின், நாலைந்து விநாடி உறுமிவிட்டு மெதுவாக இறங்கிற்று. சும்மா வைத்திருக்கும்போதே சங்கிலி சுற்றிற்று. மிஷினைச் சாய்த்தால் ஒரு சத்தம், நிமிர்த்தினால் வேறு சத்தம். மாமா கார்புரேட்டரின் திருகாணியைக் கொஞ்சம் திருகினார், அடங்கிற்று. "அவ்வளவுதான் மாப்பிள்ளை! மாசத்துக்கு ஒரு தடவை இப்படித் திருக வேண்டியிருக்கு" என்றார். மறுபடி விசையை அழுத்தினார். மெல்லிய, கூர்மையான, பல்லைக் கூச வைக்கும் சத்தம் எழுந்தது.

சமையலறையிலிருந்து அத்தை ஓடி வந்தார். கையில் கரண்டி.

"நிறுத்துங்க! முதல்ல நிறுத்துங்க! அன்னிக்கும் இப்படித்தான் கத்திச்சு!"

"என்னிக்கு?"

"அந்தப் பிள்ளை அழுத அன்னிக்கு. நின்னுபோறதுக்கு முன்னாடி இதே சத்தம்தான். இப்ப எண்ணெய் ஊத்தினது யாரு? நீங்கதானே?"

மாமா மிஷினை நிறுத்தினார். அவர் பதில் சொல்லவில்லை. மறு நாள் நாங்கள் மூவரும் மிஷினையும், அத்தை வற்புறுத்தியதன் பேரில் அந்தப் பழைய பிஸ்டனையும் எடுத்துக்கொண்டு பட்டுக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போனோம். பம்பு செட்டும், மருந்து அடிக்கும் மிஷினும் பழுது பார்க்கிற வேறொரு கடை. மெக்கானிக் வயதானவர். அதிகம் பேசாதவர். மிஷினைக் கிளப்பிக்கூடப் பார்க்கவில்லை. பிஸ்டனைத்தான் முதலில் கையில் வாங்கினார்.

"எண்ணெய் இல்லாம ஓடியிருந்தா சுத்து வட்டாரம் பூராக் கோடு விழுந்திருக்கும், ஐயா. இதிலே பாருங்க, சைலென்சர் பக்கம் மட்டும்தான் கீறியிருக்கு. இந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கு."

சைலென்சர் பக்கம்தான் பிஸ்டனில் சூடு அதிகமாகத் தாக்கும் இடம். எஞ்சின் அளவுக்கு மீறிக் கொதித்தால் அங்கேதான் முதலில் உரசும். அடுத்து பிளக்கைக் கழற்றினார். காப்பிப் பொடி நிறத்தில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. "காத்து புகுது" என்றார்.

எங்கே, எப்படிப் புகுகிறது? இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். இந்த எஞ்சினில் பிஸ்டனுக்கு மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை. பிஸ்டன் மேலே ஏறும்போது கீழறை உறிஞ்சும்; கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலும் காற்றும் அதற்குள் வரும். பிஸ்டன் இறங்கும்போது அதே அறை அமுக்கும்; வந்த கலவை மேலறைக்குப் போய் எரியும். ஆக, கீழறை ஒரு துருத்தி. சும்மா ஓடும்போதே நிமிஷத்துக்கு 2,500 தடவைக்கு மேல் உறிஞ்சி அமுக்குகிற துருத்தி. அதில் எங்காவது ஊசிமுனை ஓட்டை விழுந்தால், உறிஞ்சுகிற ஒவ்வொரு தடவையும் அழையாத விருந்தாளியாக வெளிக்காற்று உள்ளே வரும். காற்று கூடினால் பெட்ரோல் விகிதம் குறையும். பெட்ரோலோடு வரும் எண்ணெயும் குறையும். எஞ்சின் வேகமெடுத்துக் கத்தும், கொதிக்கும், கடைசியில் பிடித்துக்கொள்ளும்.

குக்கரில் ஓட்டை இருந்தால் ஸ்டீம் வெளியே வருகிறது, கண்ணுக்குத் தெரிகிறது. இதிலோ வெளியிலிருந்து உள்ளே போகிறது. யார் கண்ணில் படும்? திருகாணியைத் திருகிப் பெட்ரோலை அதிகமாக்கினால் சத்தம் அடங்கும். ஆனால் ஓட்டை அடைபடுவதில்லை. ஜுரத்துக்குக் காரணம் பாராமல் நெற்றியில் ஈரத் துணி போடுகிற வைத்தியம் அது. மாமா மாதா மாதம் செய்தது அதைத்தான்.

சில பேர் எஞ்சினை ஓட விட்டு, சந்தேகப்படும் இடத்தில் பெட்ரோலைத் தெளித்து, சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பதுண்டாம். மாறும்தான். பக்கத்திலேயே கொதிக்கிற சைலென்சர் இருக்கிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்! பெரியவர் அந்த வித்தையின் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார்.

அவர் செய்த முறை வேறு. சைலென்சரைக் கழற்றி, சைக்கிள் டியூப் துண்டை வைத்து அந்த வாயை இறுக்கி மூடினார். கார்புரேட்டரை எடுத்துவிட்டு அந்த வழியையும் அடைத்தார். பிளக் இருந்த துவாரத்தில் மீட்டர் வைத்த சின்னக் கைப் பம்பைப் பொருத்தினார். பிஸ்டனைக் கீழே இறக்கி, மேலறையும் கீழறையும் ஒன்றாகும்படி வைத்துக்கொண்டு காற்றை ஏற்றினார். முள் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டில் நின்றது. சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தொட்டு, சிலிண்டர் அடியில், கேஸ்கட் ஓரத்தில், ரப்பர் குழாயில், எஞ்சின் உடம்பின் இரண்டு பாதி சேரும் இடத்தில் எல்லாம் தடவினார். நாங்கள் குனிந்து குமிழியைத் தேடினோம். ஒன்றுகூட இல்லை. முள்ளும் அசையவில்லை.

"ஓட்டையே இல்லையே!" என்றார் மாமா. அவர் குரலில் இருந்தது நிம்மதியா, ஏமாற்றமா என்று எனக்குப் புரியவில்லை.

"பாதிப் பரீட்சைதான் ஆயிருக்கு" என்றார் பெரியவர். பம்பை மாற்றிப் பொருத்தி, இப்போது காற்றை வெளியே உறிஞ்சினார். முள் எதிர்ப்பக்கம் போயிற்று. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு விநாடிக்குள் முள் ஓடி வந்து பூஜ்யத்தில் உட்கார்ந்துகொண்டது!

அமுக்கினால் தாங்குகிறது, உறிஞ்சினால் விடுகிறது. இது என்ன மாயம்? எஞ்சினின் தண்டு, கீழறையிலிருந்து இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் பிளைவீல். மறு பக்கம் சங்கிலியை ஓட்டும் கிளச். தண்டு வெளியே வரும் இரண்டு இடத்திலும் 'ஆயில் சீல்' என்ற ரப்பர் வளையம் உண்டு. அதன் மெல்லிய உதடு, உட்புறம் பார்த்தபடி, சுழலும் தண்டைக் கவ்விக்கொண்டிருக்கும். பெரியவர் இதை ஒரு பழைய சீலைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கியபோது, நானும் மாமாவும் பரீட்சையில் தவறின பிள்ளைகள் மாதிரி விழித்தோம். அத்தைதான் சட்டென்று சொன்னார்:

"உள்பக்கமா மூடுற குக்கர் மாதிரி. உள்ளே பிரஷர் ஏற ஏற மூடி தானே இறுகிக்கும். பிரஷர் இறங்கிட்டா லொடலொடன்னு கழண்டுக்கும்."

பெரியவர் முதல் தடவையாகச் சிரித்தார். "அதேதான் அம்மா. வயசாகி ரப்பர் இறுகிப்போன சீலும், அமுக்கிப் பார்த்தா நல்லவன் மாதிரி நடிக்கும். உறிஞ்சிப் பார்த்தாத்தான் குட்டு வெளிப்படும்."

இரண்டு சீலில் எது? பிளைவீலைக் கழற்றி, அந்தப் பக்கத்துச் சீலைச் சுற்றிக் கெட்டியான கிரீஸை அப்பி மறுபடி உறிஞ்சினார். முள் பழையபடியே விழுந்தது. கிளச் பக்கம் அப்பினார். முள் நின்றது! சங்கிலிக்கு விடும் எண்ணெய் எப்போதும் வழிந்து அந்தப் பக்கம் பிசுக்காகவே இருக்கும். ஆகையால் சீல் கசிந்த ஈரம் யாருக்கும் தெரியவில்லை. தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். ஆட்டமில்லை, பேரிங் நல்ல நிலையில் இருந்தது. மிஷின் யாரிடமோ வருஷக்கணக்கில் சும்மா கிடந்து ரப்பர் விறைத்துப் போயிருக்கும் என்பது அவர் அபிப்பிராயம்.

இரண்டு சீலையும் மாற்றினார். வெடிப்பு விட ஆரம்பித்திருந்த ரப்பர் குழாயையும் கையோடு மாற்றினார். மறுபடி அமுக்கிப் பார்த்து, மறுபடி உறிஞ்சிப் பார்த்து, முள் இரண்டு தடவையும் அசையாமல் நின்ற பிறகே கார்புரேட்டரை மாட்டித் திருகாணியில் கை வைத்தார். சீல் இரண்டும் சேர்ந்து சில நூறு ரூபாய். மாமா இந்தத் தடவை வானத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

"ஏன் ஐயா, முன்னே பிஸ்டன் மாத்தினப்போ இதைப் பார்க்கலையா?" என்று பெரியவர் கேட்டார்.

"அப்ப நாங்க வேற ஒண்ணைப் பார்த்துக்கிட்டிருந்தோம்" என்றார் மாமா.

வீடு திரும்பும் வழி முழுவதும் அவர் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தை கால்கூட அலம்பாமல் போனை எடுத்துப் பையனின் தாயாரைக் கூப்பிட்டார். மழையைப் பற்றி, மாட்டைப் பற்றி, பொங்கலைப் பற்றி இரண்டு வார்த்தை. அப்புறம் சற்று நேரம் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொங்கலுக்கு வந்திருந்தானாம். நேத்து ராத்திரிதான் பஸ் ஏறினானாம். தோப்புப் பக்கம் வந்து வேலிக்கு வெளியே நின்னு பார்த்துட்டுப் போனானாம்."

மாமா கையை நீட்டினார். "கொடு. நான் பேசறேன். அவன் நம்பரை வாங்கணும்."

அத்தை போனைக் கொடுத்துவிட்டு, நம்பரை எழுதிக்கொள்ளப் பால் கணக்கு நோட்டையும் பென்சிலையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார்.