ஹென்றி ரோனோவின் கால்களும் கல்லூரியும்

ஓட்டத்தில் சிறந்த மாணவனுக்கு அந்த ஓட்டமே வாழ்வளிக்கும் என்று நம் ஆசிரியர்களுள் சிலர் பெற்றோருக்கு நம்பிக்கை ஊட்டுகின்றனர். பெற்றோருள் சிலரோ, ஓடினால் படிப்பு கெட்டுவிடும் என்றஞ்சிப் பிள்ளையைக் குறுக்கோட்டக் குழுவிலிருந்து விலக்கிக்கொள்கின்றனர். இரு தரப்பாரும் கென்ய நாட்டு ஹென்றி ரோனோவின் வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நாண்டி மலைப்பகுதியில் 1952இல் பிறந்தவர் ரோனோ. குழந்தைப் பருவத்தில் மிதிவண்டிச் சக்கரத்தில் கால் சிக்கிப் பல ஆண்டுகள் நடக்க இயலாமல் இருந்தார். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். பின்னர் இராணுவத்தில் சேர்ந்தார். அவருடைய கால்களைக் கண்டுதான் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. கோதுமை வயல்கள் சூழ்ந்த புல்மன் என்னும் சிற்றூருக்கு அவர் சென்றது 1976இல். அப்போது அவருக்கு வயது 24.

1978ஆம் ஆண்டை நெட்டோட்ட வரலாறு மறக்காது. ஏப்ரல் 8ஆம் நாள், பெர்க்லியில் நடந்த ஒரு கல்லூரிப் போட்டியில், 5,000 மீட்டரை 13 நிமிடம் 8.4 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். மே மாதம், தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் 8 நிமிடம் 5.4 விநாடி. ஜூன் 11இல் வியன்னாவில் 10,000 மீட்டர். முறியடிக்கப்பட்டது அவருடைய கல்லூரித் தோழர் சாம்சன் கிமோப்வாவின் சாதனை! ஜூன் 27இல் ஓஸ்லோவில் 3,000 மீட்டர். ஆக, 81 நாள்களில் நான்கு உலகச் சாதனைகள். தொடர்ந்து அல்ஜியர்சில் ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டி, எட்மண்டனில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி. இரண்டிலும் இரட்டைத் தங்கம்.

ஆண்டிறுதியில் கல்லூரிகளுக்கிடையிலான தேசியக் குறுக்கோட்டப் போட்டி வந்தது. முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் அதில் முதலாவதாக வந்தவர், இம்முறை 237ஆவதாக வந்தார். அடுத்த ஆண்டே மீண்டும் முதலிடம் பெற்றுவிட்டதால் அந்த எண் வெறும் வேடிக்கைச் செய்தியாகிப் போனது. என்னைக் கேட்டால், அவருடைய சாதனைகளைவிட நாம் கூர்ந்து நோக்க வேண்டியது அந்த 237ஐத்தான். இளைஞன் ஒருவன் அப்படிச் சரியும்போது பயிற்றுநர் கடிகாரத்தைப் பார்ப்பார்; அவன் முகத்தைப் பார்க்க வேண்டியவர் ஆசிரியர்.

ஒலிம்பிக் மேடை அவருக்கு வாய்க்கவே இல்லை. நியூசிலாந்து ரக்பி அணியின் தென்னாப்பிரிக்கப் பயணத்தை எதிர்த்து 1976இலும், ஆப்கானிஸ்தான் விவகாரத்தால் 1980இலும் கென்யா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அரசியல் செய்த அநீதி அது. ஆசிரியர் எவரும் தடுத்திருக்க முடியாது. அதன் பிறகு நேர்ந்தவற்றை அப்படிச் சொல்லித் தள்ளிவிட முடியாது. குடிப்பழக்கம் அவரை விழுங்கியது. ஈட்டிய பணம் கரைந்தது. வீடற்றோர் விடுதிகளில் தங்கினார். உலகின் மிகச் சிறந்த ஓட்டக்காரர் பயண மூட்டை சுமந்தும் பிழைத்தார். அவரது வேகத்தை விநாடியின் பத்தில் ஒரு பங்கு வரை அளந்தவர்கள், ஓட்டம் நின்றபின் இவன் எதைக் கொண்டு வாழ்வான் என்பதை அதே அக்கறையோடு அளந்தார்களா?

பிற்காலத்தில் அல்புகர்க்கி நகரில் குடியிலிருந்து மீண்டு, சிறப்புக் கல்வி மாணவர்களுக்குத் துணையாகப் பணியாற்றினார். இளம் ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி அளித்தார். தம் வாழ்க்கை வரலாற்று நூலையும் வெளியிட்டார். கற்கும் ஆற்றல் அவரிடம் இல்லாமற்போகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2024 பிப்ரவரியில் கென்யாவில் காலமானார்.

நம் பெற்றோர் டாக்டர் மணி ஜெகதீசனைச் சுட்டிக்காட்டுவதுண்டு. மருத்துவரான அவர் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றவர். அவர் குறுவிரைவு ஓட்டக்காரர் என்பது வேறு செய்தி. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் தாமாகவே இரண்டையும் தூக்கிச் சுமந்துவிடுவார்கள் என்று நினைப்பது நம் சோம்பல்.

எனவே ஓடும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். பள்ளிகளில் குறுக்கோட்டப் பயிற்சி அட்டவணை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் நாளிலேயே, அம்மாணவர்கள் இழக்கும் கணித, மொழிப் பாடவேளைகளை எந்த நாளில், எந்த ஆசிரியர் ஈடுசெய்வார் என்ற அட்டவணையும் அதன் பக்கத்தில் ஒட்டப்பட வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் காலணிக்கு நிதி கேட்கும்போது இதையும் கேளுங்கள்.