ஏதுப்போலியும் இன்றைய தேர்வும்

கல்லூரி ஆசிரியப் பணியை விழையும் முதுகலை மாணவர் 'நெட்' என்னும் தகுதித் தேர்வைக் கருதாதிருத்தல் அரிது. அத்தேர்வின் முதல் தாள் எல்லாத் துறையினர்க்கும் பொதுவானது. 50 வினாக்களும் 100 மதிப்பெண்ணும் கொண்டது. 2019ஆம் ஆண்டு சூன் திங்கள் முதல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் தருக்கம் ஓர் அலகாக அமைந்து, அளவைகள், அனுமானம், ஏதுப்போலிகள் என இந்தியத் தருக்க மரபும் அதனுள் இடம்பெற்றது. இத்தாளின் வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே அமைதலின், தமிழ் பயின்ற மாணவர் பலர் இவ்வலகைக் கண்ட அளவிலேயே 'இது நமக்குரியதன்று' என ஒதுக்கிவிடுகின்றனர். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதே நம் கருத்து. ஏதுப்போலியைத் தமிழிலேயே விரித்துரைத்த காப்பியம் ஒன்று நம் கையில் இருக்கின்றது.

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் 29ஆவதாக அமைவது 'தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை'. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியை உணர்த்தும் பகுதி அது. நிறுவ வேண்டிய கூற்று பக்கம். அதற்குரிய காரணம் ஏது. அதனை விளக்கும் எடுத்துக்காட்டு திட்டாந்தம். இம்மூன்றிலும் நேரும் பிழைகளே போலிகள். பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என 33 போலிகள் அங்கு வகுக்கப்பட்டுள்ளன. ஆதிரையின் கற்பும் அமுதசுரபியின் சிறப்பும் வகுப்பறையில் பெறும் இடத்தை இக்காதை பெறுவதில்லை. 'வறண்ட பகுதி' என்னும் ஒரு சொல்லோடு பெரும்பாலும் அது கடந்து செல்லப்படுகின்றது.

பிழை காணும் வினாக்களில் மாணவர் முதலில் இடறுமிடம் யாது? முடிவு மெய்யா பொய்யா என நோக்குகின்றனரேயன்றி, அம்முடிவுக்கு வந்த வழியை நோக்குவதில்லை. "கவிஞர் எல்லாரும் கற்பனை வளம் உடையவர், இவரும் கற்பனை வளம் உடையவர், ஆகவே இவர் கவிஞர்" என்னும் வாதத்தை எடுத்துக்கொள்வோம். சுட்டப்பட்டவர் மெய்யாகவே கவிஞராக இருக்கலாம். எனினும் வாதம் பிழையுடையது. கற்பனை வளம் கவிஞர்க்கும் உண்டு. கவிதையே எழுதாத ஓவியர்க்கும் உண்டு. இருபாலும் பொதுவாய் நிற்கும் ஒன்று ஒருபாலை மட்டும் நிறுவ மாட்டாது. சத்தம் அறியப்படுவதாதலின் அநித்தம் என்பார்க்கு, அறியப்படுதல் அழியும் குடத்துக்கும் அழியா ஆகாயத்துக்கும் பொதுவன்றோ என மணிமேகலை விடுக்கும் மறுப்பும் இதுவே. சாதாரண அநைகாந்திகம் என்பது அதன் பெயர்.

"மழை பெய்தால் முற்றம் நனையும்; முற்றம் நனைந்துள்ளது; ஆகவே மழை பெய்தது" என்பதும் இத்தகையதே. முற்றத்தில் நீர் தெளித்தாலும் அது நனையும். அவ்வாறாயின், புகை கண்டு நெருப்பை உணர்வது மட்டும் எங்ஙனம் பொருந்தும் என மாணவர் வினவலாம். நெருப்பில்லாத இடத்தில் புகை இல்லை; மழையில்லாத இடத்தில் ஈரம் உண்டு. 'இந்த ஏது இன்றியமையாததா, வேறிடத்தும் காணப்படுவதா?' என்னும் ஒரு கேள்வியைக் கேட்கப் பழகிய மாணவர் பல வினாக்களை எளிதில் கடப்பர்.

இங்கு ஒரு வேறுபாட்டையும் உணர்த்துதல் வேண்டும். மேனாட்டு முறையில் அமைந்த முக்கூற்று வினாக்களில் முன்கூற்றுகளை உண்மையெனக் கொண்டே விடை காண வேண்டும். நம் மரபோ ஏதுவின் உண்மையையும் சேர்த்தே ஆராயும். தொலைவில் தெரிவது பனியோ புகையோ என்னும் ஐயம் நீங்காமலே நெருப்பு உண்டெனத் துணிதலை மணிமேகலை அசித்த வகையுள் அடக்குகின்றது. இவ்விரு முறைகளையும் குழப்பிக்கொள்வதாலேயே மாணவர் பலர் தடுமாறுகின்றனர்.

'இது வடமொழித் தருக்கத்தின் தமிழ் வடிவம்தானே. நியாய நூலார் கூறும் ஏதுப்போலி ஐந்தன்றோ?' எனச் சிலர் வினவக்கூடும். சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசத்தோடு இப்பகுதி பெரிதும் ஒத்திருத்தல் உண்மையே. ஆயினும் கற்பார்க்கு அது குறையன்று. அசித்தமும் விருத்தமும் இரு மரபுக்கும் பொது, அநைகாந்திகமே சவ்வியபிசாரம். சற்பிரதிபட்சம் இங்குள்ள விருத்த வியபிசாரியோடு நெருங்கியது. பாதிதம் சுட்டும் பிழையோ இங்குப் பக்கப்போலியுள் அடங்கும். தமிழில் பொருளுணர்ந்த மாணவர்க்கு ஆங்கில எழுத்தில் வரும் இப்பெயர்கள் அச்சம் தாரா.

தமிழ் மாணவர் தனியே கருத வேண்டியது திட்டாந்தப்போலி. பட்டிமன்ற மேடையில் உவமையே சான்றாகிவிடுகின்றது. "வேரின்றி மரம் நில்லாது, ஆகவே பழைய வழக்கம் எதனையும் மாற்றலாகாது" என்றால் கைதட்டல் எழும். வழக்கங்கள் யாவும் வேராகுமா, அவற்றுட் சில பட்டுப்போன கிளைகளாகாவா என எவரும் கேட்பதில்லை. உவமையின் அழகை நுகரக் கற்பிக்கும் தமிழ்த்துறை, அதன் எல்லையையும் கற்பித்தல் வேண்டும்.

ஆதலின் 29ஆம் காதையை நடத்துங்கால், ஒவ்வொரு போலிக்கும் ஒரு விளம்பரமோ மேடைப்பேச்சோ நாளிதழ்க் கடிதமோ மாணவரே தேடிக் கொணரச் செய்யலாம். அதன்பின் தேர்வு வினாக்களைத் தருதல் நலம். விடைகளை நீக்கி நீக்கி ஒன்றைத் தேரும் உத்தியை வழிகாட்டி நூல்கள் கற்பிக்கின்றன. பிழையின் பெயரையும் காரணத்தையும் கூறும் ஆற்றலை வகுப்பறையே தர இயலும்.

மதிப்பெண் மட்டுமே இதன் பயனன்று. "அவ்வூரான் ஒருவன் ஏமாற்றினான், ஆகவே அவ்வூரார் யாவரும் ஏமாற்றுக்காரர்" என்னும் பேச்சை நாள்தோறும் கேட்கின்றோம். இதனால் வீடு வாடகைக்குக் கிடைக்காமற் போவோரும் வேலை மறுக்கப்படுவோரும் உளர். பிறர் வாதத்தில் போலியைக் காண்பது எளிது. நமக்கு உவப்பான வாதத்தில் அதனைக் காண்பதே அரிது. அவ்வரிய பயிற்சியைத் தம் மாணவர்க்கு அளிக்கத் தமிழ்த்துறைகள் முன்வருமாக.