மொட்டை வெயிலும் நம்ம கலரும்

கேமராவோ செல்போனோ, பெட்டியைப் பிரிச்சு ஆன் பண்ணின உடனே படம் எடுக்க ரெடியாத்தான் இருக்கும். எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு வேகம், என்ன கலர்... எல்லாத்தையும் யாரோ ஏற்கெனவே முடிவு பண்ணி உள்ளே வெச்சிருப்பாங்க. அதுக்குப் பேர்தான் டிஃபால்ட். அந்த 'யாரோ' என்னைக்காவது அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுல பகல் பன்னிரண்டு மணிக்கு நின்னிருப்பாரா? சான்ஸே இல்லை பாஸ்!

அவர் மனசுல இருந்தது வேற ஊர், வேற வெயில். பல சமயம் வேற முகமும்கூட. இது சும்மா கோபத்துல சொல்றதில்லை, ஆதாரம் இருக்கு. கலர் பிலிம் காலத்துல, பிரிண்ட் போடும் லேப்கள்ல கலர் சரியா வருதான்னு ஒப்பிட்டுப் பார்க்க கோடாக் கம்பெனி ஒரு கார்டு அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவங்க தோல் சரியா வந்தா எல்லாம் சரி என்று அர்த்தம். கறுத்த முகங்கள் அதில் சேறு மாதிரி அப்பிக்கொண்டு வந்தன. லோர்னா ராத் என்கிற கனடா நாட்டு ஆய்வாளர் 2009-ல் இதைப் பற்றி விரிவா எழுதியிருக்கார். அதில் ஒரு வேடிக்கை. பழுப்பு நிறங்கள் சரியா வரவில்லைன்னு அழுத்தமா புகார் சொல்லி பிலிமை மாத்த வெச்சவங்கள்ல சாக்லேட் கம்பெனிகளும் மர ஃபர்னிச்சர் கம்பெனிகளும் உண்டாம். சாக்லேட்டுக்குக் கிடைச்ச மரியாதை மனுஷனுக்குக் கிடைக்க ரொம்ப நாளாச்சு!

பிலிம் போச்சு, டிஜிட்டல் வந்தாச்சு, இன்னும் என்ன என்று கேட்கிறீங்களா? உங்க போனோட செல்ஃபி கேமராவைத் திறந்து 'பியூட்டி' என்ற இடத்தைத் தேடிப் பாருங்க. பல போன்கள்ல அது நீங்க கேட்காமலே ஆன்ல இருக்கும். கன்னத்தை வழவழன்னு ஆக்கி, ரெண்டு ஷேடு வெளுத்துத் தரும். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்குப் போனா ஸ்டூடியோ அண்ணன் அன்பா பண்ற அதே வேலை. அதனால முதல் செட்டிங் இதுதான்: பியூட்டி, ஜீரோ. மத்ததெல்லாம் அப்புறம்.

சரி, இப்ப வெளியே வாங்க. நம்ம ஏரியா வெளிச்சத்துக்குன்னு ஒரு ஜாதகம் இருக்கு. பாடியில் இருந்து அம்பத்தூர் வழியா ஆவடி போற சி.டி.எச். ரோடும், பக்கத்துலயே ஓடுற ரயில் பாதையும் கிட்டத்தட்ட கிழக்கு மேற்கா போகுது. அப்படின்னா காலையில ஆவடி பக்கம் பார்த்து எடுத்தா சூரியன் உங்க முதுகுல, வெளிச்சம் எதிர்ல வர்றவங்க முகத்துல. சாயங்காலம் அப்படியே திரும்பி, பட்டணம் பக்கம் பார்த்து எடுக்கணும். இது தெரியாம சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆவடி பக்கம் கேமராவை நீட்டிட்டு "மச்சி, எல்லாம் கறுப்பா வருதுடா" என்று கேமராவைத் திட்டறவங்க நிறைய பேர். அப்படி எடுத்தா உருவங்கள் நிழலாத்தான் வரும். அதுவும் அழகுதான், வேணும்னு எடுத்தா.

மத்தியானம் இன்னும் மோசம். சென்னை இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில். அதனால வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும், பன்னிரண்டேகால் வாக்கில் சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல வந்து நிக்கும். நிழல் செருப்புக்கு அடியில ஒளிஞ்சுக்கும். அந்த நேரத்துல எடுத்த முகத்தைப் பாருங்க. நெற்றியும் மூக்கும் பளபள, கண் ரெண்டும் குழி. பேய்ப் படத்துக்கு ஆடிஷன் போன மாதிரி! எந்த செட்டிங்காலும் இதைச் சரி பண்ண முடியாது. ஆளைக் கூட்டிட்டுப் போய் டீக்கடைத் தார்ப்பாய் நிழலோட ஓரத்துல, வெளியே பார்த்தபடி நிக்க வையுங்க. எதிர்ல ரோட்டுலயோ வெள்ளைச் சுவத்துலயோ பட்டுத் திரும்புற வெயிலே லைட் மாதிரி முகத்துல விழும். பைசா செலவில்லை.

இப்ப நம்பருக்கு வருவோம். பிலிம் காலத்துல இந்தக் குழப்பமே கிடையாது. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தோட 'இந்து' ரோலோ வேற எதுவோ, பெட்டி மேல என்ன ஸ்பீடு போட்டிருக்கோ அதுதான் கடைசி வரைக்கும். மீட்டர் இல்லாதவங்களுக்கு ஒரு சூத்திரம் இருந்தது: நல்ல வெயில்னா அப்பர்ச்சர் எஃப் 16, ஷட்டர் வேகம் பிலிம் ஸ்பீடுக்குக் கிட்டத்தட்ட சமம். நூறு ஸ்பீடு பிலிமா? 1/125. அவ்வளவுதான். இன்னைக்கும் இந்தக் கணக்கு பொய்க்காது. அதையே எஃப் 8-க்கு மாத்தினா ஐ.எஸ்.ஓ. 100-ல் 1/500.

நான் சிபாரிசு பண்றதும் அந்த எஃப் 8-தான். கேமராவை 'ஏ' மோடில் (கேனன் என்றால் 'ஏ.வி.') போட்டு எஃப் 8-ல் நிறுத்துங்க. கேமராவோட வர்ற 18-55 லென்ஸ் அந்த இடத்துலதான் நல்லா கூர்மையா இருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. அந்த லென்ஸை 18-ல் வெச்சு சுமார் 2 மீட்டர் தூரத்துல ஃபோகஸ் பண்ணினா, ஒரு மீட்டரில் இருந்து ரோட்டோட கோடி வரைக்கும் தெளிவா வந்துடும். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் மாதிரி நாலா பக்கமும் ஆள் ஓடுற இடத்துல, ஃபோகஸ் தேடிட்டு இருந்தா பஸ் போயிடும். உங்க பஸ்ஸும் சேர்ந்து போயிடும்!

அடுத்து ஷட்டர். இங்கதான் டிஃபால்ட் நம்மை அடிக்கடி கவிழ்க்கும். நிழல்ல நின்னா கேமரா தானாகவே 1/60-க்கு இறங்கிடும், 'கை ஆடாம பிடிச்சா போதும்' என்கிற நினைப்பில். கை ஆடாது சரி, எதிர்ல இருக்கிற ஆள் ஆடுவாரே? நாற்பது கிலோமீட்டர் வேகத்துல போற பைக், 1/60 நொடிக்குள்ள சுமார் 18 சென்டிமீட்டர் நகர்ந்துடும். 1/500-ல் ரெண்டே சென்டிமீட்டர் சொச்சம். சாதாரணமா நடந்து போற ஆளே 1/60-ல் ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல நகர்ந்துடுவார். நம்ம ஊர்ல எது சும்மா நிக்குது, சொல்லுங்க? அதனால ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டு, உச்சவரம்பு 3200, குறைந்தபட்ச ஷட்டர் 1/500 என்று மெனுவில் எழுதி வெச்சிடுங்க. வெயில்ல இருந்து நிழலுக்குள்ள ஒரு எட்டு வெச்சா வெளிச்சம் பதினாறில் ஒரு பங்கா குறையலாம். கேமரா ஐ.எஸ்.ஓ.வை நூறில் இருந்து ஆயிரத்து அறுநூறுக்குத் தூக்கிச் சமாளிச்சுக்கும். நீங்க ஒண்ணும் தொட வேணாம். 'ஐயோ, படம் புள்ளி புள்ளியா வருமே' என்று பயப்படறவங்களுக்கு ஒரு வார்த்தை: புள்ளியை அப்புறம் குறைச்சுக்கலாம், ஆடின முகத்தை எந்த சாஃப்ட்வேரும் முழுசா மீட்டுத் தராது. செகண்ட் ஹேண்டில் வாங்கின பழைய கேனனில் குறைந்தபட்ச ஷட்டர் என்ற வசதி இல்லாம இருக்கலாம். கவலை வேணாம், 'டி.வி.' மோடில் 1/500 வெச்சு மத்ததை அது கையில விட்டுடுங்க.

இனிமேதான் முக்கியமான இடம். அந்த பிளஸ்-மைனஸ் பட்டன்.

கேமரா மீட்டருக்கு உலகத்துல எல்லாமே நடுத்தரச் சாம்பல் நிறம்தான். வெள்ளை வேட்டியைக் காட்டினாலும் சாம்பலாக்கப் பார்க்கும், எருமையைக் காட்டினாலும் சாம்பலாக்கப் பார்க்கும். இப்ப, ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில உங்க ஃப்ரெண்ட் நிக்கறான். பின்னாடி பளீர்னு வானம், தண்ணியிலும் வானம். 'அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்!' என்று மீட்டர் மொத்தத்தையும் இறக்கிடும். வானம் அழகா வரும். ஃப்ரெண்ட் முகம்? பல்லு மட்டும் தெரியும். உடனே கூட இருக்கிற கும்பல் "நீ கறுப்புடா, அதான் விழலை" என்று ஓட்டும். தப்பு அவன் முகத்துல இல்லீங்க. வானத்துக்குப் பார்த்து வெச்ச கணக்கு அது.

சில சீனியர் போட்டோகிராபர்கள் 'எப்பவும் மைனஸ் 0.3-ல் வை, வானம் வெளுக்காது' என்பாங்க. லேண்ட்ஸ்கேப்புக்கு அது சரி. காலேஜ் பசங்க தினமும் எடுக்கறது லேண்ட்ஸ்கேப்பா? ஃப்ரெண்ட்ஸ், பஸ், கேன்டீன் வாசல், ஊர்த் திருவிழா. எல்லாத்துலயும் முகம்தான் படம். அதனால டிஃபால்ட் ஜீரோ. பின்னாடி வானம் வந்தா தயங்காம பிளஸ் 0.7, தேவைப்பட்டா பிளஸ் 1.3. வானம் வெள்ளையாகிப் போகட்டுமே. அது நாளைக்கும் வரும்! இதே முகம் கேமராவை ரொம்ப நெருங்கி ஃப்ரேம் முழுக்க நிறைஞ்சா கதை தலைகீழ். அப்ப மீட்டர் நம்ம கறுப்பை வெளுக்கப் பார்க்கும். மைனஸ் 0.3, 0.7 வையுங்க. தோல் அதன் சொந்த நிறத்துக்குத் திரும்பி வரும்.

மத்ததைச் சட்டுன்னு முடிச்சிடலாம். வொயிட் பேலன்ஸ், 'டேலைட்'. ஆட்டோவில் விட்டா சாயங்கால மஞ்சளைப் பார்த்து அழுக்குன்னு நினைச்சுக் கழுவிடும். கலர் ஸ்டைல் 'ஸ்டாண்டர்டு' அல்லது 'நியூட்ரல்'. 'விவிட்' வேணாம், பட்டுப்புடவை சிவப்பு ஒரே அப்பலாகி மடிப்பெல்லாம் காணாமப் போகும். ஃபோகஸ், ஆள் நகர்ந்தா கூடவே நகர்கிற ஏ.எஃப்.-சி, கேனனில் ஏ.ஐ. செர்வோ. முகம் கண்டுபிடிக்கும் வசதி இருந்தா ஆன். ரா, ஜேபெக் ரெண்டும் சேர்த்து சேமிச்சா 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படத்துக்குச் சுமார் 40 எம்.பி. போகும். 32 ஜி.பி. கார்டில் எண்ணூறு படம் தாராளம். ஒரு நாளைக்கு அதுக்கு மேல எடுக்கறவர் கல்யாண போட்டோகிராபராத்தான் இருக்கணும்.

'கேமராவுக்கு எங்கே போறது, என்கிட்ட இருக்கறது போன்தான்' என்பவர்களுக்கும் கணக்கு இதேதான். பெரும்பாலான போன்கள்ல அப்பர்ச்சர் மாறாது, அதனால எஃப் 8 கவலை மிச்சம். பியூட்டி ஆஃப், எச்.டி.ஆர். ஆட்டோ, கட்டம் போட்ட கோடுகள் ஆன். முகத்தைத் தொட்டு ஃபோகஸ் பண்ணி, பக்கத்துல வர்ற சூரியன் பொம்மையை மேலேயோ கீழேயோ இழுங்க. அதுதான் உங்க பிளஸ்-மைனஸ். ஜூம் பண்றதுக்குப் பதிலா ரெண்டு அடி முன்னாடி நடங்க. எடுக்கறதுக்கு முன்னாடி லென்ஸைச் சட்டையில ஒரு துடை. வியர்வைக் கைரேகையோட எடுத்தா வெயிலெல்லாம் பஞ்சு மிட்டாய் மாதிரி பரவும்.

ஏரியாக்காரங்களுக்குன்னு ஒரு எச்சரிக்கை. ஆவடியில கனரக வாகனத் தொழிற்சாலை, டாங்கி ஆராய்ச்சி மையம், விமானப்படை நிலையம் என்று பாதுகாப்புத் துறை இடங்கள் வரிசையா இருக்கு. 'போட்டோ எடுக்காதே' போர்டு பார்த்தா கேமரா பைக்குள்ள. சுவர்தானே எடுத்தேன், செல்ஃபிதானே எடுத்தேன் என்ற வாதமெல்லாம் அங்கே எடுபடாது. இந்து காலேஜ் ஸ்டேஷன்ல தண்டவாளத்துல இறங்கி போஸ் கொடுக்கற ஹீரோக்களுக்கும் சேதி இருக்கு: ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவில் அத்துமீறலுக்கு ஆறு மாசம் வரைக்கும் சிறை உண்டு. உயிர் போற விஷயம் தனி.

எஸ்டேட் பக்கம் ஷிப்ட் முடிஞ்சு டீ குடிக்கிற அண்ணன்களை எடுக்க ஆசையா? "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுட்டு எடுங்க. "எடுத்துக்கோ தம்பி, நல்லா விழணும்" என்பார் பாதிப் பேர். அந்த 'நல்லா விழணும்'ல ஒரு பயம் இருக்கு, கவனிச்சீங்களா? இதுவரைக்கும் எந்தப் படத்துலயும் தான் நல்லா விழுந்ததில்லை என்கிற பயம்.

வெச்ச செட்டிங் நாளைக்கும் அதே இடத்துல இருக்கணும். ராத்திரி டியூப்லைட்டுக்கு மாத்தினது, பூவை எடுக்க மாத்தினது எல்லாம் கேமராவுக்குள்ளயே தங்கிடும். மறுநாள் காலையில நல்ல காட்சி ஒண்ணு வரும்போது காலை வாரும். யூ 1, சி 1 மாதிரி சேமிக்கிற இடம் இருந்தா இதை அதில் போட்டுக்கோங்க. இல்லைன்னா ஒரு சின்ன ஸ்டிக்கர்ல எழுதி கேமராவுக்கு அடியில ஒட்டுங்க: எஃப் 8, 1/500, ஆட்டோ 3200, டேலைட், ஜீரோ. பைக்குள்ள வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்த அஞ்சையும் சரி பாருங்க. 'ரீசெட்' பட்டனை நம்பாதீங்க, அது கம்பெனிக்காரர் வெச்ச இடத்துக்கே திரும்பப் போகும்.

இந்த வாரம் ஒரு வேலை. லஞ்ச் பிரேக்ல, வகுப்பிலேயே அதிகமா 'கறுப்பு'ன்னு ஓட்டு வாங்கற ஃப்ரெண்டைக் கூட்டிட்டு மரத்தடிக்குப் போங்க. பின்னாடி வானம் வர்ற மாதிரி நிக்க வெச்சு ஜீரோ, பிளஸ் 0.7, பிளஸ் 1.3 என்று மூணு படம் எடுங்க. மூணையும் அவன்கிட்டயே காட்டி, இதுல எதுடா உன் கலர்னு கேளுங்க. அவன் எதைத் தொடறானோ, இனிமே அவனை எடுக்கும்போது அதுதான் உங்க செட்டிங்.