முழங்கையில் ஒரு புறம்போக்கு வீடு

சதைக்குள் எலும்பு முளைக்குமா சார்? முளைக்கும். பெரிய தீக்காயம் பட்டுப் பிழைத்தவர்களில் நூற்றுக்குச் சிலருக்கு, முக்கியமாக முழங்கையைச் சுற்றி.

சதையில் சுண்ணாம்பு படிவது வேறு, இது வேறு. இந்த பி.காம். மூளைக்கு எட்டியவரை சொல்கிறேன். மழையில் நனைந்த சிமெண்ட் மூட்டை தானாக இறுகிக் கல்லாகிறதே, அது கால்சிஃபிகேஷன். கொத்தனார் வந்து, பைப் லைன் போட்டு, வீடே கட்டிவிட்டால் ஆஸிஃபிகேஷன். ரத்தக் குழாய், மஜ்ஜை எல்லாம் உள்ள அசல் எலும்பு. என்ன, கட்டியிருப்பது புறம்போக்கில்!

கொத்தனாருக்கு ஆர்டர் கொடுத்தது யார்? 1965-ல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க டாக்டர், கால்சியத்தை நீக்கிய எலும்புத் துண்டை விலங்குகளின் சதைக்குள் வைத்தார். அங்கே புது எலும்பு வளர்ந்தது. எலும்பிலேயே இருக்கும் ஒரு புரதம், பக்கத்து செல்களைப் பார்த்து 'எலும்பாகு' என்கிறது. பெரிய தீக்காயத்தில் உடம்பு முழுக்கக் கிளம்பும் அழற்சி, இந்த ஆர்டரைத் தப்பான விலாசத்துக்கு அனுப்பிவிடுகிறது. அதனால் நெருப்பே படாத மூட்டில்கூட வரலாம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் சிலிண்டர் விபத்தில் தப்பினார். தோல் ஆறியது. இரண்டாவது மாதம் வலது கை வாய்க்கு எட்டவில்லை. மனைவிதான் சோறு ஊட்டினார். "தழும்பு இழுக்குது மாப்ளே, எண்ணெய் போட்டு நீவினா சரியாப் போயிடும்" என்று மாமனார் ஆள் வைத்து மடக்கிப் பார்த்தார். அலறல் தெருமுனை வரை கேட்டது.

இந்த மாமனார்கள் எல்லா வீட்டிலும் உண்டு. பலவந்தமாக இழுத்தால் சதை கிழிந்து நிலைமை மோசமாகலாம். அதற்காகக் கையைத் தொட்டிலில் போட்டுச் சும்மா விடுவதும் தப்பு. வலி தாங்கும் எல்லைக்குள், பிஸியோதெரபிஸ்ட் சொல்கிறபடி அசைக்க வேண்டும். நேற்று மடங்கிய அளவு இன்று மடங்கவில்லையா? டாக்டரிடம் சொல்லுங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். மடங்குவது குறைந்துகொண்டே வந்தால் மறுபடி போய் நில்லுங்கள்.

மேஜை முனையில் முழங்கையை இடித்துக்கொண்டு 'சுரீர்' என்று துள்ளியிருப்பீர்களே, அந்த நரம்பு இந்தப் புறம்போக்கு வீட்டுக்குப் பக்கத்துக் குடித்தனம். நசுங்கினால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகும். அப்போது ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது.

இடிப்பதற்கு ஆபரேஷன் உண்டு. எலும்பு 'முற்றட்டும்' என்று முன்பெல்லாம் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் காக்க வைப்பார்கள். இப்போது தோல் நன்றாக ஆறியிருந்தால் சீக்கிரமே செய்கிறார்கள். நரம்பை ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் உளியை எடுப்பார்கள். முடிந்ததும் ஓய்வு என்று கனவு காணாதீர்கள். தையல் பிரிப்பதற்குள்ளேயே பிஸியோதெரபிஸ்ட் வந்து, "எங்கே, மடக்குங்க பார்ப்போம்" என்பார்.