கருப்பொருள் வறட்சியா, அச்சமா?

"எழுத ஆசைதான் சாமி, ஆனால் புதிதாக ஒன்றும் தோன்றமாட்டேன் என்கிறது." எழுத்தார்வம் கொண்ட பங்கு மக்கள் நம்மிடம் அடிக்கடி சொல்லும் குறை இது. "தூய ஆவியார் ஏவும்போது எழுதிக்கொள்ளலாம்" என்று பக்தியோடு முடித்துக்கொள்பவரும் உண்டு. இக்குறையைக் கேட்டுப் பரிவோடு தலையசைத்த காலம் போதும் என்று எண்ணுகிறோம். கருப்பொருள் இல்லை என்பது பொய். ஏவுதலுக்காகக் காத்திருக்கிறோம் என்பது அப்பொய்க்குப் போர்த்திய பொன்னாடை.

நம் சமய ஏடுகளைப் புரட்டிப் பாருங்கள். திருவருகைக் காலம் வந்தால் குடில், வைக்கோல், விண்மீன். தவக்காலம் வந்தால் முள்முடி, ஆணி, ஏழு வார்த்தைகள். ஆண்டை மட்டும் மாற்றினால் பழைய கவிதை புதிய இதழுக்குப் பொருந்திவிடும். பெத்லகேமின் குளிருக்காக உருகும் கவிஞர், மார்கழிப் பனியில் தம் தெருமுனையில் படுத்திருக்கும் குடும்பத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. பிறரை மட்டும் குறைகூற நமக்குத் தகுதியில்லை. சனிக்கிழமை இரவில் பழைய மறையுரை நூலைத் தேடி எடுத்து, ஞாயிறன்று அதையே புதிதுபோல் முழங்கியவர்கள்தாமே நாமும்!

ஏவுதல் என்றால் என்ன? எழுதியவரின் கையைப் பிடித்து இறைவன் இழுத்தார் என்று திருச்சபை ஒருநாளும் கற்பிக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, மனிதரின் ஆற்றல்களையும் திறமைகளையும் பயன்படுத்தியே இறைவன் திருநூல்களை எழுதச் செய்தார் என்றும், அம்மனிதர் உண்மையான நூலாசிரியர்களே என்றும் தெளிவுபடுத்துகிறது. லூக்கா தம் நற்செய்தியின் தொடக்கத்திலேயே, யாவற்றையும் முதலிலிருந்து கவனமாக ஆராய்ந்த பின்னரே எழுத முற்பட்டதாகக் கூறுகிறார். மக்கபேயர் இரண்டாம் நூலின் ஆசிரியரோ, ஐந்து நூல்களில் இருந்ததை ஒன்றாகச் சுருக்குவதற்கு வியர்வையும் கண்விழிப்பும் தேவைப்பட்டன என்று இரண்டாம் அதிகாரத்தில் மனந்திறந்து சொல்கிறார். தூய ஆவியாரால் ஏவப்பெற்றவர்களே ஆராய்ந்தார்கள், வியர்த்தார்கள், உறக்கம் இழந்தார்கள். நாம் மட்டும் சாய்வு நாற்காலியில் அமர்ந்து புறாவை எதிர்பார்ப்பது எவ்வகை விசுவாசம்?

நம் ஆண்டவர் உவமைகளை எங்கிருந்து எடுத்தார்? மாவு பிசையும் பெண்ணிடமிருந்து. விளக்கேற்றி வீட்டைக் கூட்டிக் காசைத் தேடியவளிடமிருந்து. வேலை கிடைக்காமல் சந்தைவெளியில் நின்ற கூலியாளிடமிருந்து. அவையெல்லாம் எல்லாருடைய கண்ணிலும் பட்டவையே. அவர் நின்று பார்த்தார். மற்றவர் கடந்து போயினர்.

நம் முன்னோடிகளும் இவ்வழியில்தான் நடந்தனர். நற்செய்தி நூல்களில் புனித சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. எழுதப் பொருளில்லை என்று கைவிரிக்க இதைவிட நல்ல காரணம் எவருக்கு வாய்க்கும்? வீரமாமுனிவரோ அம்மௌனத்தின்மேல் 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை எழுப்பினார். செந்தமிழில் காப்பியம் கண்ட அதே இத்தாலியத் துறவி, மக்களின் பேச்சுத்தமிழைக் காதுகொடுத்துக் கேட்டு அதற்கும் இலக்கணம் வகுத்தார். மாயூரத்தில் முன்சீபாக இருந்த கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை, 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தால் தமிழுக்கு முதல் நாவலைத் தந்தார். வழக்குமன்றப் பணியும் குடும்பக் கவலையும் அவருக்கும் இருந்தன. நேரமில்லை என்று அவர் பேனாவை மூடிவைக்கவில்லை.

அப்படியானால் நமக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றத்தான் செய்கிறது. தோன்றியதை எழுத அஞ்சுகிறோம். நோய் இதுதான். ஒரே நற்கருணையை உண்டவர்கள், இறந்தபின் சாதிக்கொரு கல்லறைத் தோட்டத்திற்குப் பிரிந்து செல்லும் ஊர்கள் உண்டு என்பது நமக்குத் தெரியாதா? திருவிழா வரிக்காகத் தாலியை அடகுவைத்த வீட்டையும், கணவனின் குடியை மறைத்துக் கோவிலில் முன்வரிசையில் அமரும் மனைவியையும் நாம் அறியோமா? "இவற்றை எழுதினால் திருச்சபைக்கு இழுக்கு" என்று ஒரு குரல் தடுக்கிறது. மீண்டும் வைக்கோலுக்கும் விண்மீனுக்கும் திரும்பிவிடுகிறோம். கண்ணை நாமே கட்டிக்கொண்டு, இருட்டாக இருக்கிறது என்று முறையிடுகிறோம்.

கட்டை அவிழ்த்தவர்கள் இருக்கிறார்கள். துறவு மடத்தை விட்டு வெளியேறிய பாமா, 1992-இல் 'கருக்கு' நூலில் தலித் கத்தோலிக்கப் பெண்ணாகத் தாம் பட்டதை ஊர்ப்பேச்சிலேயே எழுதினார். ஜோ டி குருஸ், கடலோரப் பரதவரின் வாழ்வை 2004-இல் 'ஆழி சூழ் உலகு' நாவலாக்கினார். அவரது 'கொற்கை' 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இவர்கள் எழுதிய மக்கள் நம் பங்குகளில் இருந்தவர்களே. அவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர்கள் நம் குருக்கள். அவர்கள் வாழ்வைப் பதிந்து வைத்தவை நம் ஏடுகளா? நூல்கள் வெளிவந்த பின் முகஞ்சுளித்தவர்கள் நம்மிடையே உண்டு. இழுக்கு, எழுதியவரால் வந்ததா? எழுதும்படி வாழ்ந்த நம்மால் வந்ததா?

"பிறர் துயரத்தைக் கதையாக்குவது அறமாகுமா?" என்று நல்ல மனத்தோடு கேட்பவரும் உண்டு. கேள்வி நியாயமானது. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டது குருவோடு கல்லறைக்குப் போகவேண்டும். அதில் இரு கருத்துக்கு இடமில்லை. அண்டை வீட்டாரை ஊர் அடையாளங்கண்டு சிரிக்கும்படி எழுதுவதும் பாவமே. ஆனால் இயேசுவின் உவமையைப் பாருங்கள். அதில் செல்வனுக்குப் பெயரில்லை. அவன் வாசலில் புண்களோடு கிடந்த ஏழைக்கு இலாசர் என்று பெயருண்டு. யாரை மறைப்பது, யாருக்குப் பெயர் தருவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

எழுத விரும்பும் அன்பர்களே, வழி மிக எளிது. உங்கள் பங்கின் மிக மூத்த பாட்டியிடம் ஒரு மாலை அமருங்கள், பேசாதீர்கள், கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களைத் திருத்தாமல் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் போகும் வழியை விட்டு, திருவிழாத் தேர் நுழையாத தெருவுக்குள் ஒருமுறை நடந்து, தேர் ஏன் அங்கே போவதில்லை என்று கேளுங்கள். நற்செய்தியில் ஒரு வரியோடு மறைந்துபோகும் மனிதர் ஒருவரை எடுத்து, அன்றிரவு அவர் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பழைய இறப்புப் பதிவேடு ஒன்றை அண்மையில் பிரித்தோம். ஒரே தெருவைச் சேர்ந்த நான்கு குழந்தைகளின் பெயர்கள், ஒரே வாரத்தில், ஒரே கையெழுத்தில் அடுத்தடுத்து இருந்தன. காரணம் எழுதப்படவில்லை. நான்காவது பெயரில் மை கலங்கியிருந்தது. எழுதிய குரு அழுதாரா, மழை ஒழுகியதா, அறியோம். அந்தப் பதிவேட்டை எத்தனையோ முறை கையொப்பத்திற்காகத் திறந்திருக்கிறோம். அந்தப் பக்கத்தை ஒருநாளும் வாசித்ததில்லை.

இன்னுமா எழுதப் பொருளில்லை என்கிறீர்கள்?