கடனில் பிறக்கிறாரா கிறிஸ்து?

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று பீடத்தருகே ஒரு மெழுகுதிரி ஏற்றப்படுகிறது. அதே வாரத்தில் நம் பங்குக் குடும்பங்கள் பல தண்டல்காரரின் வாசலில் நிற்கின்றன. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழ்வோருக்குத் தண்டல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு, மீதியைக் கையில் கொடுப்பார். நாளொன்றுக்கு 100 ரூபாயாக நூறு நாள் கட்டவேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் வாங்கிய கடன் மார்ச் நடுவில்தான் தீரும். அப்பொழுது நாம் தவக்காலத்தில் இருப்போம். விழாவின் விலையை நோன்பிலும் செலுத்திக்கொண்டிருக்கிறோம்!

எதற்காக இந்தக் கடன்? எம்.சி. ரோட்டில் பிள்ளைகளுக்குப் புத்தாடை. அதை நான் குறை கூறேன். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவன், ஆண்டு முழுதும் வலையோடு போராடுபவன், தன் குழந்தைக்கு ஒரு புதுச்சட்டை வாங்குவதைப் பழிக்கும் குருவானவருக்கு நற்செய்தி விளங்கவில்லை என்றே பொருள். ஆனால் பத்தாயிரத்தில் சட்டைக்குப் போவது எவ்வளவு? மணமான மகளுக்குத் 'தலைக் கிறிஸ்துமஸ்' சீர், மாப்பிள்ளைக்கு மோதிரம், சம்பந்தி வீட்டுக்கு இரண்டு கிலோ கேக், வேலை செய்யும் இடத்தில் சீட்டுக் குலுக்கி வந்த 'கிறிஸ்துமஸ் சைல்டு'க்குப் பரிசு. சென்ற ஆண்டு போனதைவிட இவ்வாண்டு தட்டு ஒன்றேனும் கூடியிராவிட்டால், தெருவே எண்ணிப் பார்க்கிறது.

"ஆண்டுக்கு ஒருநாள்தானே" என்பார்கள். ஒருநாள் அன்று, நூறு நாள்.

2023ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். அதன் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய்க் கசடு பக்கிங்காம் கால்வாய் வழியே வந்து கொசஸ்தலை முகத்துவாரத்தில் பரவியது. மீனவர் தம் படகுகளில் சென்று வாளிகளால் அந்தக் கருமையை அள்ளினர். அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், பாதிக்கப்பட்ட மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாயும், 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தது. டிசம்பர் 26 நள்ளிரவில் உரத்தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருளில் ஓடினர். அந்த இரு துயரங்களுக்கும் இடையில் வந்த கிறிஸ்து பிறப்பிலும், வலை இறக்க இயலாத ஒரு வீட்டிலிருந்து சீர்த்தட்டு புறப்பட்டதை நான் கண்டேன். அந்தத் தாயை நான் நோகவில்லை. அதை எதிர்பார்த்து வாசலில் நின்ற வீட்டாரை நோகிறேன். அவர்களும் நம் பங்கினரே. நள்ளிரவுத் திருப்பலியில் முன்வரிசையில் இருந்தவர்களே.

மனுவுருவாதலை 'வியத்தகு பரிமாற்றம்' என்று திருச்சபையின் பழைய வழிபாடு போற்றுகிறது. நம்மால் ஒருபோதும் திருப்பித் தர இயலாத கொடையை இறைவன் தந்தார் என்பதே அதன் வியப்பு. நாமோ திரும்பி வருவதைக் கணக்கிட்டே கொடுக்கிறோம். திரும்பாவிடில் உறவை முறிக்கிறோம். கைம்மாறு செய்ய இயலாதவரை விருந்துக்கு அழையுங்கள் என்று லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறியதற்கு இது நேர் எதிரானது. ஞானிகள் பொன் கொண்டுவரவில்லையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்தப் பொன்னை அவர்கள் வட்டிக்கு வாங்கி வரவில்லை, மரியாவும் யோசேப்பும் பதில்சீர் அனுப்பவுமில்லை. அதே பெற்றோர் கோவிலுக்குச் சென்றபோது ஆட்டுக்குட்டிக்கு வகையற்றவர்களுக்கெனச் சட்டம் அனுமதித்த புறாக் காணிக்கையையே செலுத்தினர். எவரிடமும் கடன் கேட்கவில்லை. வெட்கப்படவுமில்லை.

பழியை மக்கள்மேல் மட்டும் சுமத்தி நான் தப்பிக்க முடியாது. டிசம்பர் கடைசி வாரத்தில் எந்தப் பங்குத்தந்தையின் இல்லத்திற்கும் சென்று பாருங்கள். மேசை கொள்ளாத கேக் பெட்டிகள். எவர் தந்தார், எவர் தரவில்லை என்பதை நாங்கள் கவனிப்பதில்லை என்று சொன்னால் அது முழு உண்மையன்று. மறைக்கல்வி வகுப்பிலும் பரிசுப் பரிமாற்றம் வைத்தோம். ஒரு சிறுமி இரண்டு ஞாயிறு வரவில்லை. காய்ச்சலோ என்று விசாரித்தால், பரிசு வாங்க நூறு ரூபாய் இல்லை என்றாள் பாட்டி. கிறிஸ்துவைக் கற்க வந்த குழந்தையைக் கிறிஸ்து பிறப்பின் பெயராலேயே வெளியே நிறுத்தியிருந்தோம்.

அந்தப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டேன். பங்கு இல்லத்திற்குக் கேக் கொண்டுவர வேண்டாமென்றும் பலிபீடத்திலிருந்தே அறிவித்தேன். முகம் சுளித்தவர்கள் உண்டு. தலைக் கிறிஸ்துமஸ் சீர் வேண்டாம் என்று அன்பியக் கூட்டத்தில் பேசியபோது, மகளைச் சென்ற மே மாதம் மணமுடித்துக் கொடுத்த ஒரு தாய் எழுந்தார். "சாமி, இதை எங்களுக்குச் சொல்லி என்ன பயன்? எங்க சம்பந்திகிட்ட வந்து சொல்றீங்களா?"

வருகிற ஞாயிறு மாலை அவரோடு அந்த வீட்டுக்குச் செல்கிறேன்.